ஒரு எட்டு, எட்டுப் பேர்: சேர்ந்தாடும் நடனம் எப்படி ஒன்றாகத் தெரிகிறது?

பாடசாலைக் கலைவிழாவில் எட்டுப் பிள்ளைகள் மேடைக்கு வருகிறார்கள். பாட்டுத் தொடங்குகிறது. எட்டுப் பேருக்கும் ஸ்டெப் தெரியும். ஒருவரும் மறக்கவில்லை, ஒருவரும் பிழையான பக்கம் திரும்பவில்லை. ஆனாலும் பின்கதிரையில் இருந்து பார்க்கிற அம்மாமாருக்கு அது எட்டுத் தனி ஆட்டமாகத்தான் தெரிகிறது. அதே மாதிரி ஸ்டெப்பை ‘செவன்டீன்’ என்ற கொரியக் குழு ஆடும்போது, 2015இல் அறிமுகமான அந்தக் குழுவின் 13 பேரும் ஓராளின் நிழல்கள் போல அசைகிறார்கள்.

கொரியாவில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு: கல்குன்மு. ‘கல்’ என்றால் கத்தி, ‘குன்மு’ என்றால் கூட்டு நடனம். கத்தியால் வெட்டியது போல எல்லாருடைய அசைவும் ஒரே இடத்தில் முடிய வேண்டும் என்பது பொருள். சொல்தான் அவர்களுடையது. வசந்தன் கூத்து ஆடும் பிள்ளைகளின் கோல்கள் எல்லாம் ஒரே ‘டக்’ என்று விழுவதைக் கேட்டு வளர்ந்த மட்டக்களப்பாருக்கு இது புதுச் சங்கதி இல்லை. அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் பொல்லடி என்ற கோலாட்டம் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான். கோல் ஆட்டத்தில் பிந்தினால் உடனே காதில் கேட்டுவிடும். பொப் நடனத்தில் கையில் கோல் இல்லாததால் பிந்தியது ஆடுகிறவருக்கே தெரிவதில்லை, பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும். சிக்கலின் வேர் இதுதான்.

முதலில் எண்ணப் பழகுங்கள்

பொப் பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை நாலு அடித் தாளத்தில் ஓடுகின்றன. இரண்டு நாலைச் சேர்த்தால் எட்டு. ஆட்டக்காரர் இதை ‘ஒரு எட்டு’ என்பார்கள். பாட்டின் வரி அநேகமாக இரண்டு எட்டிலோ நாலு எட்டிலோ முடிவதால், ஸ்டெப்பையும் எட்டு எட்டாக வெட்டிப் பழக்குவது வசதி. தொடங்க முன்னர் மாஸ்டர் ‘ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்’ என்று சொல்வது முந்தின எட்டின் பின்பாதியை. அடுத்து வரும் ஒன்றில் எல்லாரும் இறங்க வேண்டும். 1997இல் இங்கிலாந்தில் மூன்று பெண்களும் இரண்டு ஆண்களுமாகத் தொடங்கிய ‘ஸ்டெப்ஸ்’ குழுவின் முதற்பாட்டுக்குப் பெயரே ‘5, 6, 7, 8’தான்.

கணக்கு ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தால் பழக்கத்தைத் திட்டமிடலாம். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் எண்ணுக்கு அரை நொடி, ஒரு எட்டுக்கு 4 நொடி. ஆகவே 3 நிமிடப் பாட்டில் 45 எட்டுகள். பல்லவி மூன்று தரம் திரும்பி வரும், அதற்கு ஒரே ஸ்டெப்தான். முன்னிசையையும் பின்னிசையையும் கழித்தால் புதிதாகப் பழக வேண்டியது ஏறத்தாழ 25 எட்டு. இந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் ‘ஒரு கிழமையில் பழக்கிவிடலாம்’ என்று தலையாட்டுவதால்தான் கடைசி இரண்டு நாளும் அழுகையும் கோபமுமாகப் போகின்றன.

எண்களுக்கு நடுவிலும் அசைவு உண்டு. அதைப் பிடிக்க நம்மவர்களுக்கு அருமையான கருவி ஒன்று கையில் இருக்கிறது: சொற்கட்டு. ஓர் எண்ணை இரண்டாகப் பிரித்து ஆடும் பாட்டுக்கு ஒவ்வோர் எண்ணிலும் ‘தக’ என்று சொல்லுங்கள். ‘த’ எண்ணில் விழும், ‘க’ சரிநடுவில் விழும். கொரியப் பாட்டுகளில் பெரும்பாலானவை இப்படிப் போகின்றன. ஆனால் நம் பைலாவும் சினிமாக் குத்துப் பாட்டுகள் பலவும் ஓர் எண்ணை மூன்றாகப் பிரிக்கும். அங்கே ‘தகிட’. எண்ணைப் பிரிக்கும் இந்த விதத்துக்குப் பெயர் நடை. பரதம் படித்த பிள்ளைகள் சதுஸ்ரம், திஸ்ரம் என்று உடனே பிடித்துக்கொள்வார்கள். படிக்காதவர்களுக்கு வாயால் சொல்லிக் கைதட்ட வைத்தால் பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துவது என்றால், ‘தக’ பாட்டுக்கு அமைத்த ஸ்டெப்பைத் ‘தகிட’ பாட்டில் போட்டு ஆடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. 120 வேகத்தில் ‘தக’வின் நடு, எண்ணிலிருந்து 0.25 நொடியில் வரும். ‘தகிட’வில் 0.17 நொடியிலும் 0.33 நொடியிலும் அடி விழும். நாலு பேர் பழகிய எண்ணைப் பிடிப்பார்கள், நாலு பேர் கேட்கும் பறையைப் பிடிப்பார்கள். இருவர் பக்கமும் பிழையில்லை, ஆனால் ஆட்டம் கலைந்துவிடும். நாலைந்து பாட்டை வெட்டி ஒட்டிய ட்ராக் என்றால், நடை மாறும் இடத்தில் இரண்டு அல்லது நாலு எண்ணுக்கு எல்லாரையும் அசையாமல் நிறுத்திவிடுங்கள். சபைக்கு அது அழகான நிறுத்தமாகத் தெரியும், ஆடுகிறவர்களுக்குப் புது நடையைக் காதில் வாங்க நேரம் கிடைக்கும்.

ஒரு கையைத் தூக்குவதில் எத்தனை முடிவுகள்

சேர்ந்தாடும் ஆட்டத்தில் ஒத்துப்போக வேண்டியவை மூன்று: நேரம், கோணம், அளவு. ஒரேயொரு அசைவை எடுத்து மிக நெருக்கமாகப் பார்ப்போம். வலக்கையைப் பக்கவாட்டில் தூக்குவது, அவ்வளவுதான்.

‘மூன்றில் கையைத் தூக்கு’ என்று சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு பிள்ளை மூன்றில் கையைக் கிளப்பும். இன்னொன்று மூன்றில் கையைக் கொண்டுபோய் நிறுத்தும். இரண்டுக்கும் நடுவே முழு அரை நொடி வித்தியாசம் வரலாம், ஆனால் இரண்டு பிள்ளைகளும் மாஸ்டர் சொன்னதைத்தான் செய்திருக்கின்றன. அதனால் எப்போதும் நிற்கும் நேரத்தைச் சொல்லுங்கள்: ‘மூன்றில் கை நிற்க வேண்டும்.’ அப்போது கிளம்புவது இரண்டின் நடுவில், ‘க’வில், தானாகவே வந்துவிடும்.

அடுத்தது, கை எந்த வழியால் போகிறது? தொடையிலிருந்து நேரே பக்கவாட்டில் எழலாம். நெஞ்சுக்கு முன்னால் மடங்கி வெளியே விரியலாம். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் முடிந்தாலும் கண்ணுக்கு வேறு வேறு ஆட்டம். பிறகு உள்ளங்கை தரையைப் பார்க்கிறதா, சபையைப் பார்க்கிறதா? விரல்கள் சேர்ந்தா, விரிந்தா? பெருவிரல் எங்கே? முழங்கை பூட்டியதா, கொஞ்சம் மடிந்ததா? தோள் காதுவரை ஏறிவிட்டதா? கடைசியாகக் கண். எட்டுக் கைகள் ஒரே கோட்டில் நின்று, நாலு பேர் தங்கள் கையைப் பார்த்து, நாலு பேர் சபையைப் பார்த்தால், கைகள் ஒத்ததை யாரும் கவனிக்கப்போவதில்லை. நடனத்தைத் திருத்துகிறவர்கள் தலையையும் பார்வையையும் கடைசிக்கு விடுவது பெரிய பிழை. முகம் போகும் திசைக்குத்தான் சபையின் கண்ணும் போகும்.

இந்த ஒரு கைக்கே ஏழெட்டு முடிவுகள். ஒரு எட்டில் இப்படி ஆறு, ஏழு அசைவுகள் இருக்கும். அதனால் முதன்முதலாக ஒரு எட்டைத் துப்புரவாக்க 15 முதல் 20 நிமிடம் போனால் மனம் தளரவேண்டாம். அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.

இன்னொன்று நிறுத்தம். பழகாத பிள்ளைகள் ஓர் அசைவு முடிய முன்னரே அடுத்ததற்குள் நழுவிவிடுவார்கள். கை வந்து நிற்கும் அந்தக் கணம் வெறும் கால் நொடியாக இருந்தாலும் போதும், எல்லாரும் அங்கே நின்றால் ‘ஒன்றாக ஆடுகிறார்கள்’ என்ற எண்ணம் சபைக்கு வந்துவிடும். வேகத்தைவிட நிறுத்தத்தைப் பழக்குங்கள்.

பக்கத்து ஆளைப் பார்க்காதே

புதிதாக ஆடுகிறவர்கள் மறந்தால் உடனே பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள். கண்ணால் ஒன்றைப் பார்த்து உடம்பு அதற்கு அசைய ஏறத்தாழ 0.2 முதல் 0.25 நொடி வேண்டும். 120 வேகத்தில் அது கிட்டத்தட்ட அரை எண். ஆகவே பார்த்து ஆடுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிந்தித்தான் ஆடுவார். அவரைப் பார்த்து இன்னொருவர் ஆடினால் அவர் முழு எண் பிந்துவார். வரிசையில் அலை அடிப்பது இப்படித்தான். கண்ணாடி முன்னால் மட்டும் பழகிய குழுவுக்கும் இதே வருத்தம் உண்டு, கண்ணாடியில் எல்லாரும் நடு ஆளைப் பார்த்துப் பழகியிருப்பார்கள். மூன்றாம் நாளே சுவரைப் பார்த்தும், ஒருவருக்கொருவர் முதுகு காட்டியும் ஆடவிடுங்கள். யார் யாருக்கு ஸ்டெப் உண்மையில் தெரியும் என்பது அப்போது வெளிக்கும்.

காதுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வெயிலில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். மண்டபத்துக்குள் 7 மீற்றர் தள்ளி ஸ்பீக்கர் இருந்தால் 0.02 நொடிதான் பிந்தும், அது பொருட்டில்லை. விளையாட்டுப் போட்டியன்று மைதானத்தில் 70 மீற்றர் தள்ளி நிற்கும் பெட்டியிலிருந்து பாட்டு வந்தால் 0.2 நொடி. இரண்டு மூலையில் இரண்டு பெட்டி வைத்தால் வலப்பக்கப் பிள்ளைகள் ஒரு பெட்டியையும் இடப்பக்கப் பிள்ளைகள் மற்றதையும் கேட்பார்கள், குழு நடுவில் பிளந்து நிற்கும். மைதானத்தில் ஆடுவதென்றால் ஆடுமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்துத் தரும்படி ஒலிபெருக்கிக்காரரிடம் கேளுங்கள். புளூடூத் பெட்டி ஒன்றும் வயர் பெட்டி ஒன்றும் சேர்த்து வைப்பதும் கூடாது. புளூடூத் பெட்டி 0.1, 0.2 நொடி பிந்திப் பாடும், ஒவ்வோர் அடியும் இரண்டாகக் கேட்கும்.

பெடியனும் பெட்டையும் ஒரே வரிசையில்

கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்தார்கள். பொல்லடி ஆண்களுடையது, கும்மி பெண்களுடையது. ஆனால் மட்டக்களப்பு நகரிலேயே ஆணும் பெண்ணும் சோடியாக ஆடும் மரபு ஒன்று தலைமுறைகளாக இருக்கிறது. பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலின் இசைக்கு ஆடும் கஃப்ரிஞ்ஞாவும் லான்சர்ஸும் அவை. லான்சர்ஸில் நாலு சோடி சதுரத்தின் நாலு பக்கத்திலும் நிற்பார்கள். சந்திப்பார்கள், விலகுவார்கள், சோடி மாறுவார்கள், சரியாகத் தங்கள் இடத்துக்கே திரும்பி வருவார்கள். கலப்புக் குழு நடனத்துக்குப் பாடம் படிக்க விரும்புகிறவர் தொலைவில் தேடவேண்டியதில்லை.

உலகப் பொப்பில் எட்டுப் பேரும் ஆண், எட்டுப் பேரும் பெண் என்ற குழுக்கள்தான் அதிகம். கொரியாவில் 1990களில் ‘கூல்’, ‘ரூரா’, ‘கொயோட்டே’ போன்ற கலப்புக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன. பிறகு அந்த வகை அருகிவிட்டது. 2017இல் இரண்டு ஆண், இரண்டு பெண்ணுடன் வந்த ‘கார்ட்’ அதனால்தான் தனித்துத் தெரிகிறது. அமெரிக்காவில் 1989இல் ஜேனட் ஜாக்சன் ‘ரிதம் நேஷன்’ ஆடியபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கறுப்புச் சீருடை, ஒரே ஸ்டெப், ஒரே வேகம். யார் ஆண், யார் பெண் என்று தேட வேண்டிய அளவுக்கு அந்த ஆட்டம் ஒன்றாக இருந்தது. கலப்புக் குழுவைப் பழக்குகிறவர்கள் அதிலிருந்து எடுக்க வேண்டியது இந்த ஒரு விஷயத்தை: முதலில் எல்லாருக்கும் ஒரே ஸ்டெப்பைக் கொடுங்கள்.

நம் மேடைகளில் இதற்கு எதிர்மாறாகவே நடக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு இடுப்பும் கையும், ஆண்பிள்ளைகளுக்குத் துள்ளலும் குத்தும் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, இரண்டையும் ஒரே மேடையில் நிறுத்துகிறார்கள். அது பக்கத்துப் பக்கத்தில் நடக்கும் இரண்டு ஆட்டம். பல்லவியையாவது முழுக் குழுவுக்கும் ஒரே ஸ்டெப்பாக வையுங்கள். சரணத்தில் பிரியட்டும், கேள்வியும் பதிலுமாக ஆடட்டும், திரும்பிப் பல்லவிக்கு வரும்போது எட்டுப் பேரும் ஒன்றாகிவிட வேண்டும். பிரிந்து சேர்வதால்தான் அந்தச் சேர்க்கை சபைக்குச் சுவைக்கும்.

உயரம்தான் அடுத்த தலையிடி. பதினோராம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை 150 சென்ரிமீற்றர், ஒரு பெடியன் 172 என்று நிற்பது வழமை. ‘எல்லாரும் கையை ஒரே உயரத்தில் வை’ என்றால் சின்னவள் தோளைத் தூக்குவாள், பெரியவன் கூனுவான், இரண்டும் அவலட்சணம். நின்ற இடத்தில் ஆடும்போது அவரவர் உடம்பு அளவு: ‘உன் புருவ மட்டம்’, ‘உன் தோள் மட்டம்’, ‘முழங்காலுக்கு நேரே விரல்’. நகர்ந்து ஆடும்போது தரைதான் அளவு: எல்லாரும் வெண்கட்டியால் போட்ட கோட்டில் போய் நிற்க வேண்டும். நெட்டையானவர் காலடியைச் சுருக்குவார், குட்டையானவர் நீட்டுவார். இந்த இரண்டு விதியையும் முதல் நாளே சொல்லிவிட்டால் பாதித் திருத்தம் முடிந்த மாதிரி.

துள்ளலில் உயரம் வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். 20 சென்ரிமீற்றர் துள்ளுகிறவர் காற்றில் 0.4 நொடி இருப்பார். உற்சாகத்தில் 40 சென்ரிமீற்றர் துள்ளும் பெடியன் 0.57 நொடி இருப்பான். இருவரும் ஒன்றாகக் கிளம்பினால் இறங்குவது ஒன்றாக இருக்கவே முடியாது, எவ்வளவு பழகினாலும் சரிவராது. ஒன்று, உயரத்தைக் குழுவில் எல்லாராலும் முடிந்த அளவுக்குக் குறையுங்கள். சாண் உயரம் தாராளம். அல்லது உயரத் துள்ளுகிறவருக்கு மட்டும் தனி இடம் கொடுத்து மற்றவர்களைக் குந்த வையுங்கள். பலகை மேடையில் எல்லாக் காலும் சேர்ந்து இறங்கும் ‘தொம்’ ஒன்றுதான் கேட்க வேண்டும். ‘தொ-தொம்-தொம்’ என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டே பிழையைக் கண்டுபிடித்துவிடலாம்.

சோடி ஆட்டத்தில் தொடுகையைப் பற்றிப் பழகத் தொடங்க முன்னரே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். யார் யாருடைய கையைப் பிடிப்பது, எங்கே பிடிப்பது, எத்தனை எண்ணுக்கு என்பதை ரீச்சரோ மாஸ்டரோ எல்லார் முன்னாலும் காட்ட வேண்டும், இரண்டு பேருக்கும் சம்மதமா என்று தனித்தனியாகக் கேட்கவும் வேண்டும். விரல் கோர்ப்பதைவிட மணிக்கட்டுக்கு மேல் பிடிப்பது பாதுகாப்பு: சுற்றும்போது வழுக்காது, விரல் முறுகாது. பெண்பிள்ளைகள் கை நிறைய வளையல் போட்டால் மணிக்கட்டைப் பிடிக்கமுடியாது, அந்தச் சோடிக்கு உள்ளங்கையோடு உள்ளங்கை. தூக்குவது, சாய்ப்பது எல்லாம் தொடக்கக் குழுவுக்கு வேண்டாம்.

வீட்டில் தொடுகைக்கு விருப்பமில்லாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை ஓரத்துக்குத் தள்ளவோ வற்புறுத்தவோ தேவையில்லை, தொடாமலே சோடியாக ஆட எத்தனையோ வழி. எதிரெதிராக ஒரு கை தூரத்தில் நின்று கண்ணாடி போல ஆடலாம். ஒருவர் உட்கார மற்றவர் எழலாம். இதைவிட நல்ல வழி நம் வசந்தனிலும் பொல்லடியிலும் ஏற்கெனவே இருக்கிறது: கோல். ஆளுக்கொரு முழக் கோலைக் கொடுத்தால் கோலும் கோலும்தான் சந்திக்கும், ஆளுக்கும் ஆளுக்கும் இடையில் இடைவெளி தானாக நிற்கும். பொப் பாட்டின் பல்லவிக்கு நாலிலும் எட்டிலும் ஓர் அடி வைத்துப் பாருங்கள். யார் பிந்துகிறார் என்பது காதில் விழும், மண்டபமும் எழுந்து நிற்கும். அடிக்கும்போது கோலின் நுனியைக் கண் மட்டத்துக்கு மேலே போகவிடாதீர்கள்.

ஐந்து பெண், மூன்று ஆண் என்று வந்தால் ஆள் தேடி அலையாதீர்கள். எல்லாச் சோடியும் ஆண், பெண்ணாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நாலு சோடி என்று வகுத்து, உயரம் ஒத்தவர்களைச் சோடியாக்குங்கள். எல்லாரும் இரண்டு பக்கமும் பழகியிருந்தால் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் ஆட்டம் நிற்காது.

உடுப்பு விஷயத்தைக் கடைசி நாளுக்கு விடவே கூடாது. ஆண்பிள்ளைகள் களிசானில் கால் அகட்டுவார்கள், பெண்பிள்ளைகள் பாவாடையில் அதே அகலத்துக்கு அகட்டமுடியாது, தடுக்கும். ஸ்டெப்பைக் குறைந்த அகலத்துக்கு அமையுங்கள், அல்லது எல்லாருக்கும் கால்சட்டை. தாவணி, சால், தலைத்துணி எல்லாவற்றுக்கும் இரண்டு இடத்தில் ஊசி குத்தி, தலையை இரண்டு பக்கமும் வேகமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். வேட்டியென்றால் இடுப்பில் பெல்ட். கடைசி நாலு பழக்கமாவது மேடையுடுப்பின் அளவுள்ள துணியோடும், மேடையில் போடும் அதே சப்பாத்தோடும் நடக்கட்டும்.

தரை, கோடு, நாட்கணக்கு

எட்டுப் பேருக்கு 6 மீற்றர் அகல மேடை என்றால் முன்னால் நாலு பேர், ஆளுக்கு 1.5 மீற்றர். பின்னால் நாலு பேர், முன்னவர்களின் இடைவெளிக்கு நேரே. பின்வரிசை முன்னாளின் முதுகுக்கு நேரே நின்றால் அவர்கள் ஆடியும் ஆடாததும் ஒன்றுதான். பழகும் மண்டபத் தரையில் வெண்கட்டியால் நடுவில் பூச்சியமும், இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீற்றருக்கு 1, 2, 3 என்றும் எழுதுங்கள். மேடையின் முன்விளிம்பிலும் அதே எண்களை ரேப்பில் ஒட்டிவிட்டால், ‘வலப்பக்கம் 2’ என்று ஒருவரின் இடத்தைச் சொல்லிவிடலாம். பழகிய இடமும் மேடையும் ஒரே அளவில்லாவிட்டால் பழகும் இடத்தில் மேடையின் எல்லையைக் கோடு போட்டு அதற்குள்ளேயே ஆடுங்கள்.

இடம் மாறும்போது மோதல் வரும். யார் முன்னால் போவது, யார் பின்னால் போவது, எத்தனையாம் எண்ணில் கடப்பது என்ற மூன்றையும் சொல்லாமல் ‘அந்தப் பக்கம் போ’ என்று விட்டால் நிச்சயம் முட்டுவார்கள். 4 மீற்றர் போக ஒரு எட்டு இருந்தால் ஓர் எண்ணுக்கு அரை மீற்றர். அதையே நாலு எண்ணில் போகச் சொன்னால் அது ஓட்டம். ஓடினால் கைகள் கலையும்.

கடற்கரை பக்கத்தில் இருக்கிறது என்று மணலில் பழகுவது நல்ல யோசனை போலத் தோன்றும். வேண்டாம். மணலில் கால் புதைவதால் ஒவ்வோர் அசைவும் பிந்தும், உடம்பு அந்தப் பிந்தலைப் பழகிக்கொள்ளும், பிறகு சீமெந்துத் தரையில் முந்திவிடும். சீமெந்தில் வெறுங்காலோடு மணிக்கணக்காகத் துள்ளினால் முழங்கால் வலிக்கும், அதனால் முழுத் துள்ளலை ஒரு பழக்கத்துக்கு மூன்று தரத்துக்கு மேல் ஆடவிடாதீர்கள், மற்ற நேரம் பாவனை போதும். தரையில் மண் இருந்தால் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்ட பிறகு தொடங்குங்கள். வெயில் தாழ்ந்து நாலரைக்குப் பிறகு, ஒன்றரை மணித்தியாலம், நடுவில் இரண்டு தரம் தண்ணீர்.

12 பழக்கம் கிடைத்தால் இப்படிப் பிரிக்கலாம். முதல் ஐந்தில் ஸ்டெப், ஒரு நாளைக்கு ஐந்து எட்டுக்கு மேல் வேண்டாம். யூரியூபில் பார்த்துப் பழகினால் 0.5 வேகத்தில் தொடங்கி 0.75க்கு வந்து பிறகு முழு வேகம். கண்ணாடிப்படமாகத் திருப்பிய வீடியோவா, நேர்ப்படமா என்பதை முதலே தீர்மானியுங்கள், பாதிப் பேர் ஒன்றிலும் பாதிப் பேர் மற்றதிலும் பழகினால் இடமும் வலமும் மாறும். அடுத்த ஐந்தும் துப்புரவாக்க. போனை நெஞ்சு உயரத்தில், 6 மீற்றர் தள்ளி, படுக்கையாக வைத்து எடுங்கள். பிறகு ஒவ்வொரு நாலிலும் எட்டிலும் படத்தை நிறுத்திப் பாருங்கள். நிறுத்திய படத்தில் கைகள் எட்டும் ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் அந்த எட்டைத் திரும்ப எடுங்கள். கடைசி இரண்டும் கூத்துக்காரர் சொல்லும் ‘அடுக்குப் பார்த்தல்’ போல, இடையில் நிறுத்தாமல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, உடுப்போடு, உள்ளே வருவதும் வெளியே போவதும் சேர்த்து. ஸ்டெப்பிலேயே பதினொரு நாளைப் போக்கிவிட்டுப் பன்னிரண்டாம் நாள் துப்புரவாக்கலாம் என்ற கணக்கு ஒருநாளும் சரிவராது.

பாட்டைப் பென்டிரைவிலும் ஒரு போனிலுமாக இரண்டு இடத்தில் வைத்திருங்கள். போனிலிருந்து போடுவதென்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள், பல்லவி நடுவில் யாரோ எடுக்கும் அழைப்பு முழு உழைப்பையும் கெடுத்துவிடும். பாட்டுக்கு முன் நாலு எண்ணுக்கு ‘டிக்’ ஒலி வெட்டி ஒட்டினால் எட்டுப் பேரும் ஒரே ஒன்றில் இறங்குவார்கள்.

மேடையில் ஒருவருக்கு மறந்துபோகும். அது எல்லாக் குழுவிலும் நடக்கும், அதற்கும் பழக்க வேண்டும். மறந்த ஸ்டெப்பைத் துரத்திப் பிடிக்கப் போனால் அடுத்த மூன்று எட்டும் போய்விடும். நின்ற இடத்தை விட்டு நகராமல், முகத்தைச் சபைக்கு நேரே வைத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டு அடுத்த ஒன்றுக்காகக் காத்திருந்து அங்கே சேர்ந்துகொள்ள வேண்டும். 120 வேகத்தில் அந்தக் காத்திருப்பு ஆகக்கூடியது 4 நொடிதான். ஆடுகிற பிள்ளைக்கு அது நெடுநேரமாகத் தோன்றும், அதனால் கடைசிப் பழக்கங்களில் ஒன்றில் மாஸ்டர் கைதட்டியவுடன் ஒருவரை நிறுத்தி, அடுத்த ஒன்றில் சேரவைத்துப் பழக்குங்கள். எட்டுப் பேருக்கும் முறை வரும்வரை.